அஃபானை யார் வாங்குவார்கள்?

அத்தியாயம் 11

பீர் முகம்மது வாக்குக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய இடத்தில் போன வாரம் நின்றோம்.

வாக்குக் கொடுத்தது வரதராஜுலுவிடம். மேட்டுப்பாளையம் சாலையில், பெரியநாயக்கன்பாளையம் தாண்டி, பம்பு கம்பெனி வைத்திருப்பவர். உக்கடத்தில் இருக்கும் பீர் முகம்மதுவின் ஹார்டுவேர் கடையில்தான் பல வருடங்களாக வாஷரும் கேஸ்கெட்டும் வாங்குகிறார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பையனை அனுப்பி வையுங்கள் என்று அவர் சொல்ல, கட்டாயம் வருவான் என்று இவர் சொல்லிவிட்டார். பையனைக் கேட்கவில்லை.

பையன் அஃபானுக்கு முப்பத்து மூன்று வயது. மெக்கானிக்கல் இன்ஜினியர். அவன் மனைவி ஜாஹிதா நுரையீரல் நோயில் இரண்டு வருடம் படுத்திருந்து, போன ஆண்டு இறந்துபோனாள். அவளைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டவன், அவள் போன பிறகும் வேலைக்குத் திரும்பவில்லை. சாப்பிடுவான். தொழுவான். கேட்டதற்குப் பதில் சொல்வான். கேட்காததற்கு எதுவும் சொல்ல மாட்டான்.

போன் வந்தால் மட்டும் மாடிக்குப் போய்விடுவான்.

அங்கே யாரோடு பேசுகிறான் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்ட் யாரோ பேசுகிறான் என்பது பீர் முகம்மதுவின் கணக்கு. அவர் மனைவி சாஜிதா பேகத்தின் கணக்கு வேறு. துணி காயப்போடப் போனபோது மகன் போனில் "மஞ்சளா, பச்சையா?" என்று கேட்டதை அவர் காதாலேயே கேட்டிருக்கிறார்.

"சேலைதான் அம்மணி. வேறென்ன? எவளுக்கோ எடுத்துக் குடுக்கறான்" என்று மகள் அஃப்ராவிடம் சொன்னார். கோபமாகச் சொன்னாரா, ஆறுதலாகச் சொன்னாரா என்று அஃப்ராவுக்குப் புரியவில்லை.

அஃப்ரா அண்ணனுக்கு ஆறு வயது இளையவள். கோவைக் கிரைண்டர் கம்பெனி ஒன்றில் மார்க்கெட்டிங் பார்க்கிறாள். எந்த வீட்டுக்கு எந்தக் கிரைண்டர், அதை எந்தச் சொல்லால் விற்பது, எந்தச் சொல் கூடாது என்பதெல்லாம் அவள் பிழைப்பு. அண்ணனை வேலைக்கு அனுப்பும் பொறுப்பையும் அவளே எடுத்துக்கொண்டாள். ஒரு வருடமாகக் கிடங்கில் கிடக்கும் சரக்கை மறுபடி சந்தைக்கு அனுப்புவது போலத்தான் இது என்று அவனிடமே சொன்னாள்.

"நான் கிரைண்டர் இல்ல அஃப்ரா" என்றான் அவன்.

"தெரியுதுண்ணே. கிரைண்டர் சுத்தவாவது செய்யும்."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. அதை அவள் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

முறையாகத்தான் தொடங்கினாள். சரக்கைப் பற்றிச் சந்தை என்ன நினைக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். அண்ணனோடு முன்பு வேலை பார்த்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். எல்லோரும் ஒரே குரலில் புகழ்ந்தார்கள். தங்கமான மனிதர், பம்பு என்றால் அவருக்குத் தலைகீழ்ப் பாடம், வந்தால் சந்தோஷம், பார்க்கலாங்க. மனம் குளிர்ந்து, "பம்புத் துறையில் நம்பிக்கையான பெயர்" என்று அவனுக்கு ஒரு பக்கத்தில் அறிமுகம் எழுதி வரதராஜுலுவின் கம்பெனிக்கு அனுப்பியும் விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது.

இதே தப்பை வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் செய்திருந்தாள். பொள்ளாச்சிப் பக்கம் வீடு வீடாகப் போய், இப்படி ஒரு கிரைண்டர் வந்தால் வாங்குவீர்களா என்று கேட்டார்கள். எல்லா வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள், எல்லா வீட்டிலும் "வாங்கலாங்க" என்றார்கள். கிரைண்டர் வந்தது. யாரும் வாங்கவில்லை. வீடு தேடி வந்தவர் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஆகாத காரியம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த அவளே அதை மறந்துவிட்டு, "லாங்க" எல்லாவற்றையும் ஆர்டராக எண்ணிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் கம்பெனி கேள்வியை மாற்றிக்கொண்டது. வாங்குவீர்களா என்று கேட்பதில்லை. கடைசியாக எப்போது மாவு ஆட்டினீர்கள், அன்றைக்கு என்ன நடந்தது என்று மட்டும் கேட்பார்கள். நடந்ததைச் சொல்லும்போது மரியாதை குறுக்கே வராது.

அஃப்ரா வாயைக் கொப்பளித்துவிட்டு, அதே ஆட்களை மறுபடி கூப்பிட்டாள். அண்ணனைக் கடைசியாக எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டாள்.

ஒருவர் இருமினார். ஒருவர் சிக்னல் இல்லை என்றார். இன்னொருவர் நெடுநேரம் யோசித்து, "என் கல்யாணத்துக்குங்க" என்றார்.

பம்பு உலகத்தில் அவனை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் அவன் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் கூப்பிடுவது யார்? சேலைக் கதையை அஃப்ரா நம்பவில்லை. இருந்தாலும் அந்த மஞ்சளும் பச்சையும் மண்டைக்குள் குடைந்தன.

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த அஃபானுக்கு சாஜிதா பேகம் சட்டையைத் தேய்த்து வைத்திருந்தார். அவன் மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டான். கடையிலிருந்து பீர் முகம்மது போன் செய்து, கிளம்பியாயிற்றா என்று கேட்டார். நானும் போகிறேன் அத்தா, நீங்கள் கவலைப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டு அஃப்ரா பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டாள்.

வழியெல்லாம் பாடம் நடத்தினாள். உன்னை மாதிரி நூறு இன்ஜினியர்கள் கோயமுத்தூரில் இருக்கிறார்கள், நீ எதில் வேறு என்று அவர்கள் கேட்பார்கள், என்ன சொல்வாய் என்றாள். கவுண்டம்பாளையம் வரை யோசித்துவிட்டு, தெரியாது என்றான். துடியலூரில் அவளே ஒரு பதில் தயாரித்துக் கொடுத்தாள். அவன் தலையாட்டினான். ஹெல்மெட் மட்டும் ஆடியதா, தலையும் ஆடியதா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

கம்பெனி கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தியபோது மூன்று ஆக இன்னும் நேரம் இருந்தது. வாட்ச்மேன் கேட்டைத் திறக்க வந்தார்.

போன் அடித்தது.

இங்கே மாடி இல்லை. அஃப்ரா பக்கத்திலேயே நின்றாள்.

"சொல்லுங்கம்மா... மஞ்சளா, பச்சையாங்க?... சரிங்க. விரல்ல மாட்டிப் பாத்தீங்களா?... சிலிண்டரைத் திறந்து விடுங்க... காலியா?"

அண்ணன் குரல் அவளுக்குப் புதிதாக இருந்தது. அவசரம் இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் விழிப்பாக இருந்தது. மூச்சு இன்னும் வாங்கினால் காத்திருக்காமல் நூற்றெட்டைக் கூப்பிடச் சொன்னான். ஜன்னலைத் திறக்கச் சொன்னான். போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, கேட்டையும் தங்கையையும் பார்த்தான்.

"காரமடை போகணும். நீ உள்ள போய்ச் சொல்லிடறியா?"

"என்னன்னு சொல்ல? ஆளே இல்லாம அறிமுகம் மட்டும் வந்திருக்குன்னா? அத்தா வாக்குக் குடுத்திருக்காருண்ணே."

"தெரியும்" என்றான். வண்டியைத் திருப்பினான்.

அஃப்ராவுக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் ஆத்திரத்தைவிட ஆவல் பெரிதாக இருந்தது. மறுபடி ஏறிக்கொண்டாள். ஏறியபடியே, அண்ணன் வர நேரமாகும் என்று கம்பெனிக்கு ஒரு செய்தி அனுப்பினாள். பதில் வரவில்லை.

காரமடையில் கோயிலைத் தாண்டி, கறிவேப்பிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஓட்டு வீடு. வாசலில் அறுபது வயதுக்கு மேலான அம்மாள் ஒருவர் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றிருந்தார். ராமாத்தாள். "வாங்க தம்பி, வாங்க" என்றவர், பின்னால் வந்த அஃப்ராவைப் பார்த்து, அந்தப் பதற்றத்திலும், "வா அம்மணி, உக்காரு" என்றார்.

அஃபான் வண்டியின் பெட்டியைத் திறந்தான். மழைக்கோட்டுக்கு அடியில் ரப்பர்க் குழாய்கள், ஸ்க்ரூ டிரைவர், உறையில் போட்ட ஃபில்டர்கள். அஃப்ரா இந்தப் பெட்டி மேல் எத்தனையோ தடவை பையை வைத்திருக்கிறாள். திறந்து பார்த்ததில்லை.

உள்ளே, கட்டிலில் ராமாத்தாளின் கணவர் சாய்ந்திருந்தார். மூக்கில் குழாய். சுவரோரம் போர்வை போர்த்திய ஏதோ ஒன்று விட்டு விட்டுக் கத்திக்கொண்டிருந்தது. அஃபான் போர்வையை உருவினான்.

அஃப்ரா அடையாளம் கண்டுகொண்டாள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின். ஜாஹிதாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு வருடம் ஓடியது இதே போன்றதுதான். அது இப்போது வீட்டுப் பரண்மேல் கிடக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மெஷினின் முகத்தில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அஃபான் அதைச் சுவரிலிருந்து இழுத்து நகர்த்தினான். பின்பக்கத்து மூடியைக் கழற்றினான். ஃபில்டர் பழுப்பேறிப் பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்தான்.

"இன்னைக்கு சாம்பிராணி போட்டீங்களாம்மா?"

"வெள்ளிக்கிழமைங்களே தம்பி. அவரு ஒடம்பு தேறணும்னு இந்த அறையிலதான் நல்லாப் போட்டனுங்க."

அவன் புது ஃபில்டரை மாட்டினான். நிமிராமலேயே பேசினான். தங்கள் வீட்டிலும் அம்மா போடுவார் என்றான். போட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், வாசலில் போடுங்கள் என்றான். புகை ஃபில்டரை அடைக்கிறது, அது ஒரு பக்கம். இந்த அறைக்குள் நெருப்பே வரக் கூடாது, ஆக்சிஜன் ஓடுகிற இடத்தில் ஒரு பொறி போதும் என்றான். போர்வை போர்த்தினால் மெஷினுக்கும் மூச்சு முட்டும் என்றான்.

ஒரு வருடத்தில் வீட்டில் அவன் இத்தனை வாக்கியங்கள் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. அஃப்ராவுக்கு ஒரு வியாழன் மாலை ஞாபகம் வந்தது. வெள்ளி இரவென்று தூபக்காலோடு ஜாஹிதாவின் அறைக்குள் போன அம்மாவிடம் அவன் குரலை உயர்த்தியிருக்கிறான். அம்மா அன்று அழுதார். காரணம் இன்றைக்குத்தான் அவளுக்கு முழுதாகப் புரிந்தது.

மெஷினைப் போட்டான். உஸ்ஸென்று ஒரு நீள மூச்சு, பிறகு ஒரு டப். மறுபடி உஸ். அவன் அதன் தலையில் கையை வைத்தபடி நின்றான். விளக்கு பச்சையானது. கட்டிலில் இருந்தவரின் விரலில் மாட்டியிருந்த, ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியில் எண்கள் மெல்ல ஏறின. அதற்குப் பிறகும் அவன் கையை எடுக்கவில்லை.

அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த ராமாத்தாளிடம் அஃப்ரா தன் கேள்வியைக் கேட்டாள். அண்ணனைக் கடைசியாக எப்போது கூப்பிட்டீர்கள்?

போன மாதம், குழாய் விட்டுப்போனபோது என்றார் ராமாத்தாள். ஆஸ்பத்திரி வராண்டாவில் பழக்கமாம். அவர் கணவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஒரே டாக்டர். அந்தப் பெண் என்று ஜாஹிதாவைச் சொன்னவர், அத்தோடு நிறுத்திக்கொண்டார். மெஷின் விற்ற இடத்தில் ஆள் அனுப்புகிறோம் என்பார்களாம், வரமாட்டார்களாம்.

"இன்னைக்கு எப்பங்க கத்த ஆரம்பிச்சுது?"

"காலையிலங்க. புகை போட்டுக் கொஞ்ச நேரத்துல."

"அப்பவே கூப்பிட்டிருக்கலாமுங்களே?"

ராமாத்தாள் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எப்படீங்க அம்மணி கூப்பிடறது? தம்பி காசு வாங்க மாட்டேங்குது. பெட்ரோலுக்குக்கூட வாங்க மாட்டேங்குது. வாங்காத மனுசரை எத்தனை தரம் கூப்பிடுவீங்க? கூச்சமா இருக்குதுங்க. தானா நின்னுருமின்னு போர்வையைப் போட்டு மூடி வெச்சனுங்க. அவரு ஒதடு நீலமாகவும்தான் பயந்துபோட்டேன்."

அறை வாசலில் அஃபான் நின்றிருந்தான். அவன் எவ்வளவு கேட்டான் என்று அஃப்ராவுக்குத் தெரியவில்லை. முகம் மட்டும் மாறியிருந்தது.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. டீ வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றார்கள்.

அஃப்ராவின் தலைக்குள் எல்லாம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. அவள் செய்த தப்பு இப்போது தெளிவாகத் தெரிந்தது. படிப்பு, அனுபவம் என்று சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைத் தேடினாள். ஆட்களோ அவனை ஏற்கெனவே போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னும் எத்தனை பேர் என்று கேட்டாள். சத்தியமங்கலத்தில் இருக்கிறார்கள், கொடுமுடியில் ஒரு வீடு, ஊருக்குள்ளேயே நிறைய என்றான். சத்தியில் ஒரு பெண்ணை நாளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள், மெஷின் கிடைக்காமல் அலைகிறார்கள் என்றும் சொன்னான்.

"இதையே தொழிலா செய்யலாம்ண்ணே. இதுல உனக்குப் போட்டியே இல்ல. வேற யாரும் வர்றதில்லைன்னு அந்தம்மாவே சொல்றாங்க."

அவன் டீயைக் குடிக்காமல் வைத்திருந்தான்.

"ஜாஹிதா மூச்சுக்குத் திணறுனப்ப கத்துக்கிட்டது இது. ஒவ்வொண்ணும். எந்தச் சத்தம் எதுக்கு, ஒதடு எப்ப நீலமாகும், எல்லாம். அதுக்கு ஒரு ரேட் போட்டு விக்கச் சொல்றியா?"

  ரயில் வந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போகும் வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கேட் திறந்தபோது அவள் மெதுவாகச் சொன்னாள்.

"காலையில இருந்து கத்தியிருக்குண்ணே. நீ காசு வாங்கியிருந்தா அந்தம்மா எட்டு மணிக்கே கூப்பிட்டிருப்பாங்க."

அவன் டீயை ஒரே மடக்கில் குடித்தான். ஆறிப்போயிருக்க வேண்டும். வண்டியை எடுத்தான்.

பம்பு கம்பெனி கேட்டில் அவனாகவே நிறுத்தினான். மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. நீ இங்கேயே இரு என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். சட்டையில் ஃபில்டர் பழுப்பு. திரும்பி வர நேரமானது. வந்தவனிடம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். வீட்டில் சொல்கிறேன் என்றான்.

மஃரிப் தொழுகை முடிந்து பீர் முகம்மது கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கடையை முன்னதாகவே அடைத்துவிட்டு வந்திருக்கிறார் என்பதிலேயே கோபத்தின் அளவு தெரிந்தது. மூன்று மணிக்கு வரதராஜுலு போன் செய்தாராம், மூன்றரைக்கும் செய்தாராம், அதற்குப் பிறகு செய்யவில்லையாம். இனி அந்த மனிதர் முகத்தில் எப்படி முழிப்பது என்று கேட்டார்.

"சாயங்காலம் போய்ப் பாத்துட்டேன் அத்தா. லேட்டானதுக்குக் காரணம் சொன்னேன். பரவால்ல, திங்கக்கிழமையில இருந்து வாங்கன்னாரு."

சாஜிதா பேகம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, இறைவனுக்கு நன்றி சொல்லி இரு கைகளையும் முகத்தில் ஒற்றிக்கொண்டார்.

"நான் வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றான் அஃபான். "போன்ல சொல்லக் கூடாதுன்னுதான் நேர்ல போனேன்."

 பின்னே என்ன செய்வதாக உத்தேசம் என்று பீர் முகம்மது கேட்டார். அஃபான் சொன்னான். வீடுகளில் ஓடும் ஆக்சிஜன் மெஷின்களைப் பார்க்கப் போகிறேன், பழுது பார்ப்பது, ஃபில்டர் மாற்றுவது, வாடகைக்குக் கொடுப்பது என்றான். கடைசியில், காசு வாங்கிக்கொண்டு என்றான். அந்த ஒன்றை அவன் மெதுவாகத்தான் சொன்னான்.  இது அஃப்ரா எழுதிக் கொடுத்த அறிமுகம் இல்லை.

பீர் முகம்மது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"உதிரிப் பாகமெல்லாம் எங்கிருந்து எடுப்பே?"

அஃப்ரா மூச்சு விட்டாள். பிடிக்காத வியாபாரத்தைப் பற்றி அவள் அத்தா கேள்வியே கேட்க மாட்டார்.

அஃபான் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பரணில் ஏறினான். பழைய பாய்களை ஒதுக்கி, ஜாஹிதாவின் மெஷினை இறக்கினான். தூசு தட்டினான். பின்பக்கத்தைத் திறந்து பார்த்தான். கூடத்துச் சுவரில் பிளக்கைச் செருகினான்.

உஸ்ஸென்று ஒரு நீள மூச்சு. ஒரு டப்.

அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

சாஜிதா பேகம் ஈரக் கையோடு வந்தார். மெஷினைப் பார்த்தார். இது எதற்கு இறங்கியது என்று கேட்டார். சத்தியமங்கலத்தில் ஒரு பெண்ணுக்குத் தேவைப்படுகிறது, காலையில் கொண்டு போகிறேன் என்றான் அஃபான். அந்தப் பெண்ணுக்கு என்ன வயது என்று கேட்டார். ஜாஹிதா வயதுதான் என்றான்.

"வேற மெஷின் பாத்துக் குடு."

"கிடைக்கலம்மா. அதனாலதான்..."

"இது வேண்டாம் கண்ணு. நீ பகல்ல பாத்தே. அசந்து தூங்கிருவே. இந்தச் சத்தம் நின்னுருமோன்னு ரெண்டு வருசம் நான்தான் ராத்திரியெல்லாம் கேட்டுட்டுக் கெடந்தேன்."

 பரண்மேல் இருந்ததைத் தொடவிடாமல் வைத்திருந்தது அண்ணன் என்றுதான் அஃப்ரா இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

சாஜிதா பேகம் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முதுகைச் சுவரில் சாய்த்தார். சத்தத்தைக் கேட்டபடி கண்ணை மூடிக்கொண்டார்.

பச்சை விளக்கு எரிந்தது. அணைப்பதற்காக அஃபானின் கை சுவிட்ச் வரை போய், அங்கேயே நின்றது.